ஆறரை வயதில் ஒரு முழு வாழ்வு

ஊர்காவற்றுறையை அடுத்துள்ள கரம்பொன் கிராமம் நம் கத்தோலிக்க மக்களுக்கு இரு பெயர்களால் நன்கு பரிச்சயமானது. ஒன்று, 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் நாள் அங்கு பிறந்து, தமிழின் புகழை உலகெங்கும் எடுத்துச் சென்ற தனிநாயகம் அடிகளாரின் பெயர். மற்றது, குழந்தை யேசுவின் புனித தெரேசம்மாளை நினைவூட்டும் சிறிய புஷ்ப மகளிர் வித்தியாலயத்தின் பெயர். அறிவில் முதிர்ந்த குருவானவர் ஒருவரும், இருபத்துநான்கு வயதிலே மறைந்த இளம் கன்னிகை ஒருத்தியுமாக, அந்தச் சிற்றூரின் மக்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர்கள் இவை.

அடிகளார் 1934ஆம் ஆண்டு முதல் 1939ஆம் ஆண்டு வரை உரோமாபுரியிலே ஊர்பன் பல்கலைக்கழகத்தில் குருத்துவக் கல்வி பயின்றார். கரம்பொன் மண்ணில் விளையாடிய கால்கள் உரோமாபுரியின் கல் பாவிய வீதிகளிலே நடந்த காலம் அது. அதே காலத்தில், அதே நகரத்தின் மற்றொரு பகுதியில், ஒரு காலை இழந்த சிறுமி ஒருத்தி செயற்கைக் காலுடன் பாடசாலைக்கு நடந்து போனாள். அவள் பெயர் அந்தோனியெத்தா மேயோ. வீட்டாரும் அயலவரும் அவளை நென்னோலினா என்று செல்லமாக அழைத்தனர். ஒரே நகரம், ஒரே காலம் என்பதற்கு மேலாக இவ்விருவருக்குமிடையே நாம் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் தீவகத்தின் மைந்தர் ஒருவர் திருப்பீடத்தை நோக்கித் தயாராகிக் கொண்டிருந்த அந்த நாட்களில், அதே நகரில், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தன் படுக்கையையே திருப்பீடமாக்கிக் கொண்டிருந்தாள் என்பதை எண்ணும்போது, அவளுடைய சரிதை நமக்குச் சற்று அண்மையில் வந்துவிடுகிறது.

இன்று நம் மத்தியிலும் குழந்தைகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த குடும்பங்கள் உள்ளன. அவர்களுடைய வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்தவர்கள் நம்மில் பலர். அவர்களை நினைந்தே இந்தச் சிறுமியின் வாழ்க்கையை இங்கு எழுதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

அந்தோனியெத்தா 1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 15ஆம் நாள் உரோமாபுரியிலே பிறந்தாள். தந்தை மிக்கேலே மேயோ, தாய் மரியா. மார்கரித்தா என்னும் மூத்த சகோதரி ஒருத்தி அவளுக்கு இருந்தாள். அவர்களுடைய இல்லம் எருசலேமின் திருச்சிலுவைப் பேராலயம் என அழைக்கப்படும் பழம்பெரும் ஆலயத்திற்கு மிக அண்மையில் இருந்தது. கொன்ஸ்தந்தைன் பேரரசரின் தாயாராகிய புனித ஹெலேனா எருசலேமிலிருந்து கொண்டுவந்ததாகப் பாரம்பரியம் கூறும் திருச்சிலுவையின் துண்டுகள் அங்கேதான் போற்றி வணங்கப்படுகின்றன. டிசம்பர் 28ஆம் நாள், மாசில்லாக் குழந்தைகளின் திருநாளன்று, அந்த ஆலயத்திலே குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. பிறந்து பதின்மூன்று நாட்களே ஆன அக்குழந்தை எந்தத் திருநாளில் எந்த ஆலயத்தில் கிறீஸ்தவளானாள் என்பதன் பொருள் பின்னரே எல்லோருக்கும் விளங்கியது.

அந்தோனியெத்தா என்னும் பெயரை நம் வழக்கில் அந்தோனியம்மா எனலாம். நம் தீவகத்தில் அந்தப் பெயர் இல்லாத ஊர் எது? அந்தோனியம்மாக்களைப் போலவே இவளும் ஓடியாடித் திரிந்த பிள்ளை. ஓரிடத்தில் இருக்கமாட்டாள். பாடுவாள், சிரிப்பாள், குறும்பு செய்வாள், பிடிவாதமும் பிடிப்பாள். மூன்று வயது நிறையுமுன்பே, 1933ஆம் ஆண்டு ஒக்டோபரில், அருட்சகோதரிகள் நடத்திய பாலர் பாடசாலைக்கு அனுப்பப்பட்டாள். அங்கே போவதென்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. கத்தோலிக்க சேவா இயக்கத்தின் மிகச் சிறியோர் பிரிவிலும் அவளைப் பெற்றோர் சேர்த்தார்கள்.

இவற்றுள் அதிசயம் எதுவும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மாலையிலே குடும்பமாகச் செபம் சொல்லும் வீடு, ஞாயிறு தோறும் பூசைக்குப் போகும் பெற்றோர், மறைக்கல்வி கற்பிக்கும் கன்னியர்கள். இத்தனையும் நம் ஊர்களிலும் உண்டு. நென்னோலினாவின் புனிதம் காட்சிகளிலோ அற்புதங்களிலோ தொடங்கவில்லை. சாதாரண கத்தோலிக்க இல்லத்தின் முற்றத்திலேதான் தொடங்கிற்று.

முழங்காலில் ஒரு வீக்கம்

ஐந்து வயதாகும் வேளையில் அவளுடைய இடது முழங்காலிலே வீக்கம் ஒன்று கண்டது. ஓடி விளையாடுகையில் விழுந்து அடிபட்டதனால் வந்த வீக்கமென்றே முதலில் கருதப்பட்டது. நோய் ஆரம்பத்திலே சரியாக இனங்காணப்படவில்லை. வீக்கம் வற்றவுமில்லை, வலி குறையவுமில்லை. பின்னரே அது எலும்பிலே தோன்றும் கொடிய புற்றுநோய் என வைத்தியர்கள் கண்டுபிடித்தனர். வைத்திய நூல்கள் இதனை ஒஸ்ரியோசார்க்கோமா என்பர்.

இந்நோய் மிக அரிதானது. பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், எலும்புகள் விரைந்து வளரும் பருவத்துப் பிள்ளைகளையே தாக்குவது. ஐந்து வயதிலே வருவது அரிதிலும் அரிது. முழங்காலை அண்டிய எலும்புகளே இதற்கு அதிகம் இலக்காகும். விழுந்து அடிபடுவதனால் இந்நோய் உண்டாவதில்லை. முன்னரே உள்ளே இருப்பதை அந்த அடி வெளிக்காட்டுகிறது, அவ்வளவே. ஆகவே பிள்ளையைக் கவனமாகப் பார்க்கவில்லையே என்று எந்தத் தாயும் தன்னைத் தானே குற்றஞ்சாட்ட இடமில்லை.

அந்நாட்களில் இதற்கிருந்த சிகிச்சை ஒன்றே. 1936ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25ஆம் நாள் அந்தோனியெத்தாவின் இடது கால் துண்டிக்கப்பட்டது. அப்பொழுது அவளுக்கு வயது ஐந்தும் நான்கு மாதங்களும். ஓடுவதிலும் துள்ளுவதிலும் இன்பங்கண்ட பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இழப்பு எதுவாக இருக்கக் கூடும்?

சத்திர சிகிச்சைக்குப் பின்னர் அவள் கடும் வேதனையை அனுபவித்தாள். அவள் வேதனையை உணரவில்லை என்றோ, வானதூதரைப் போலப் புன்னகை பூத்தபடியே கிடந்தாள் என்றோ எழுதுவது உண்மைக்கு மாறாகும். வலித்தது. ஆயினும் அந்த வலியை என்ன செய்வதென்று அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் தாயிடமிருந்தும் கன்னியர்களிடமிருந்தும் சிலுவையில் தொங்கிய யேசுவைப் பற்றிக் கேட்டிருந்தாள். அவருக்குத் தன் காலைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லத் தொடங்கினாள். பறிக்கப்பட்டதை அவள் தன் மனத்தளவிலே கொடுக்கப்பட்டதாக மாற்றிக் கொண்டாள். ஓராண்டு கழித்து, 1937 ஏப்ரலிலே, கால் துண்டிக்கப்பட்ட அதே நாள் திரும்பி வந்தபோது, அதனை வீட்டிலே விருந்து வைத்துக் கொண்டாட வேண்டுமென்று அவள் கேட்டாள். யேசுவுக்கு ஒரு பெரிய பரிசைக் கொடுத்த நாளல்லவா அது என்பது அவள் நியாயம்.

யேசுபாலனின் காலடியில் கடிதங்கள்

1936ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, முதல் நன்மைக்கு மகளை ஆயத்தம் செய்யும் பொருட்டு, தாய் ஒரு சிறு பழக்கத்தை வீட்டிலே தொடங்கினாள். இரவு செபம் முடிந்த பின்னர் குழந்தை சொல்லச் சொல்லத் தாய் எழுதுவாள். அடியிலே பெயரை மட்டும் குழந்தை தானே கிறுக்குவாள். ஒக்டோபரில் முதலாம் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றபின் சிலவற்றைத் தன் கையாலேயே எழுதினாள். யேசுவுக்கு, தேவமாதாவுக்கு, பரம பிதாவுக்கு, தூய ஆவிக்கு என நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் இவ்வாறு உருவாயின. எழுதி முடிந்ததும் கடிதத்தைக் கட்டிலருகே இருந்த யேசுபாலனின் சுரூபத்தடியில் வைத்துவிட்டுத் தூங்குவாள். இரவிலே யேசுபாலன் வந்து வாசிப்பார் என்பது அவளுடைய நம்பிக்கை.

தாய் இதனை முதலில் ஒரு விளையாட்டாகவே கருதினாள். துண்டுக் கடதாசிகளில் எழுதப்பட்டவை இவை. நாள் செல்லச் செல்லவே தன் மகளின் உள்ளத்தில் நிகழ்வது விளையாட்டன்று என்று அவளுக்குப் புலப்பட்டது.

அக்கடிதங்களில் பெரிய மறையியல் தத்துவங்கள் இல்லை. பிள்ளைகள் பிரியமானவருக்கு எப்படி எழுதுவார்களோ அப்படியே எழுதினாள். இன்று குழப்படி செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளும் என்பாள். அம்மாவையும் அப்பாவையும் அக்காவையும் ஆசீர்வதிக்கக் கேட்பாள். பாவிகள் மனந்திரும்ப வேண்டுமென்பாள். கிறிஸ்மஸ் எப்போது வரும், யேசு தன் இருதயத்துக்குள் எப்போது வருவார் என்று ஏங்குவாள். கடைசியில் யேசுவுக்கு வாழ்த்துக்களும் முத்தங்களும் அனுப்பி முடிப்பாள். பெரியோர் நாம் கடவுளிடம் பேசும்போது சொற்களைத் தேடுகிறோம். இக்குழந்தையோ அடுத்த அறையில் இருக்கும் ஒருவருடன் பேசுவதுபோலப் பேசினாள். செபம் என்பது இதுதான் என்று நம் வேதபாரகர்கள் எத்தனை நூல்களில் எழுதியுள்ளனர்!

நம் வாசகத் தாய்மாருக்கு இங்கே ஒரு வார்த்தை. நென்னோலினாவைப் பற்றி உலகம் இன்று அறிந்திருக்கிறதென்றால், அதற்கு அவளுடைய தாய் இரவுதோறும் பென்சிலை எடுத்து உட்கார்ந்ததே காரணம். சமையலும் சலவையும் நோயாளிப் பராமரிப்பும் முடிந்து களைத்த வேளையிலும், குழந்தை சொல்வதைக் கேட்பதற்கு அவளுக்கு நேரமிருந்தது. பிள்ளை சொல்வதைத் திருத்தாமல், கூட்டாமல், குறைக்காமல் கேட்டு எழுதினாள். அதுவும் ஒரு மறைக்கல்வியே.

முதல் நன்மை

1936ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவிலே அவளுக்கு முதல் நன்மை அளிக்கப்பட்டது. ஆறு வயது நிரம்பி ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. சிறு பிள்ளைகளும் பகுத்தறியும் பருவம் வந்தவுடன் திவ்விய நற்கருணையை உட்கொள்ளலாம் என்று பாப்பரசர் புனித 10ஆம் பத்திநாதர் 1910ஆம் ஆண்டிலே கட்டளையிட்டிருந்தார். அதற்கு முன்னர் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கட்டளை வராதிருந்தால் நென்னோலினா தன் வாழ்நாளில் ஒரு தடவையேனும் நன்மை வாங்கியிருக்கமாட்டாள்.

செயற்கைக் காலுடன் முழங்காலில் நிற்பது எத்தனை கடினம் என்பதை அறிந்தவரே அறிவர். நன்மை வாங்கிய பின்னர் அவள் ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் கைகளைக் கூப்பி முழந்தாளிலே நின்றாள். கண்டவர்கள் கலங்கினர். அடுத்த ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் உறுதிப்பூசுதலும் பெற்றாள்.

இறுதி நாட்கள்

கால் போனதோடு நோய் போகவில்லை. இந்நோயின் இயல்பு இரத்தத்தின் வழியே பரவி நுரையீரலைப் பற்றுவது. நென்னோலினாவுக்கும் அதுவே நேர்ந்தது. 1937ஆம் ஆண்டின் வசந்த காலத்திலே அவள் படுக்கையில் விழுந்தாள். மூச்சுத் திணறலும் இருமலும் அவளை வாட்டின.

யூன் மாதம் 2ஆம் நாள் அவள் தன் கடைசிக் கடிதத்தைத் தாயிடம் சொல்லி எழுதுவித்தாள். அதிலே தன் நோயைப் பற்றிய முறைப்பாடு இல்லை. யேசுவின் பேரில் அன்பும், தன் பெற்றோருக்காகவும் பிறருக்காகவும் மன்றாட்டும் இருந்தன. அவளுக்குச் சிகிச்சை செய்த வைத்தியர்களுள் ஒருவர் பாப்பரசரின் வைத்தியராகவும் இருந்தார். அவர் வழியாக அக்கடிதம் பாப்பரசர் 11ஆம் பத்திநாதரின் பார்வைக்குச் சென்றது. பாப்பரசர் தம் அப்போஸ்தலிக்க ஆசீரை அச்சிறுமிக்கு அனுப்பி வைத்தார்.

யூன் 23ஆம் நாள் மூன்று விலா எலும்புகள் அகற்றப்பட்டன. மீண்டும் வேதனை. பெற்றோர் எதையும் விட்டுவைக்கவில்லை. செபித்தார்கள், வைத்தியர்களையும் நாடினார்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று விரோதமாக அவர்கள் கருதவில்லை. யூலை மாதம் 3ஆம் நாள் சனிக்கிழமை, தன் பெற்றோரின் அருகிலே, அந்தோனியெத்தா தன் ஆத்துமத்தை இறைவனிடம் ஒப்படைத்தாள். அவள் உலகில் வாழ்ந்தது ஆறு ஆண்டு, ஆறு மாதம், பதினெட்டு நாள்.

அதற்கு எட்டு மாதங்கள் கழித்து, 1938 மார்ச் 19ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளிலே, கரம்பொன் மைந்தராகிய தனிநாயகம் அடிகளார் அதே உரோமாபுரியிலே குருவாக அபிஷேகம் பெற்றார். அவர் 1980ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் வரை வாழ்ந்து, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் எழக் காரணராகி, பல நாடுகளில் அறிவுப் பணி புரிந்து மறைந்தார். நென்னோலினாவோ முதலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மனிதரின் தராசிலே இவ்விரு வாழ்வுகளும் சமமாகா. இறைவனின் தராசு வேறு.

திருச்சபை அளித்த தீர்ப்பு

அக்குழந்தையின் நினைவு உரோமாபுரியிலே மறையவில்லை. அவளைப் புனிதையாக உயர்த்தும் முயற்சிகள் தொடங்கின. ஆனால் அங்கே பெரியதொரு கேள்வி எழுந்தது. புனிதர் என்பவர் நற்பண்புகளை வீரத்துவமான முறையில், நீண்ட காலம், அறிந்து தெளிந்து கடைப்பிடித்தவராக இருக்கவேண்டும். மறைசாட்சியாக இரத்தம் சிந்தாத ஒரு சிறு பிள்ளைக்கு இது கூடுமா? ஆறு வயதிலே வீரம் ஏது, தெளிவு ஏது?

திருச்சபை இக்கேள்வியை நெடுங்காலம் ஆராய்ந்தது. 1857இல் பதினான்கு வயதிலே இறந்த தொமினிக் சாவியோ 1954இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆனால் அவரிலும் இளையவர்கள்? பாத்திமாவிலே தேவமாதாவைக் கண்ட பிரான்சிஸ்கோவும் ஜசிந்தாவும் முறையே பத்து வயதிலும் ஒன்பது வயதிலும் இறந்தவர்கள். இவர்களின் விடயத்தை ஆராயும்போது, 1981ஆம் ஆண்டிலே, சிறு பிள்ளைகளும் தம் வயதுக்கேற்ற முறையில் வீரத்துவமான புண்ணியங்களைக் கடைப்பிடிக்க முடியும் என்று திருச்சபையின் உரிய பேராயம் முடிவு கண்டது. அக்கதவு திறந்த பின்னரே நென்னோலினாவுக்கும் வழி பிறந்தது. 2007ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் அவளுடைய வீரத்துவப் புண்ணியங்களை அங்கீகரித்தார். அன்று முதல் அவள் வணக்கத்துக்குரியவள். அதற்கு முன்பே, 1999ஆம் ஆண்டு, அவளுடைய பூதவுடலின் எச்சங்கள் அவள் ஞானஸ்நானம் பெற்ற அதே திருச்சிலுவைப் பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. திருச்சிலுவையின் துண்டுகள் இருக்கும் அதே கூரையின் கீழ் இன்று அவள் துயில்கிறாள்.

இத்தீர்ப்பின் பொருளை நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். அக்குழந்தை துன்பப்பட்டதற்காகத் திருச்சபை அவளை உயர்த்தவில்லை. துன்பப்பட்ட குழந்தைகள் உலகில் எண்ணற்றோர். துன்பத்தின் நடுவிலும் அவள் அன்பு செய்தாள் என்பதற்காகவே உயர்த்தியது. புற்றுநோய் இறைவனின் கொடையல்ல. சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை என்பது ஞான ஆகமத்தின் போதனை. அந்த இருளுக்குள்ளும் அன்பு அணையாமல் எரிந்ததே, அதுதான் கொடை. அதே ஆகமத்தின் நான்காம் அதிகாரம், குறுகிய காலத்தில் நிறைவெய்திய நீதிமான் நெடுங்கால வாழ்வையே வாழ்ந்து முடித்தவன் என்னும் பொருள்படப் பேசுகிறது. நென்னோலினாவின் வாழ்வு பாதியில் அறுந்த வாழ்வன்று. சிறியதாயினும் முழு வாழ்வு.

நம் வீடுகளிலே

பிள்ளையை இழந்த வீட்டுக்குப் போகும்போது நாம் ஆறுதலாகச் சில வார்த்தைகள் சொல்வதுண்டு. தோட்டக்காரர் நல்ல பூவைத்தான் பறிப்பார், இறைவனுக்கு ஒரு சம்மனசு தேவைப்பட்டது, அழாதேயுங்கள், இன்னொரு பிள்ளையைத் தருவார் என்றெல்லாம் கூறுவோம். நல்ல மனத்தோடு சொல்லப்படும் வார்த்தைகளே இவை. ஆயினும் பிள்ளையைப் பெற்ற தாயின் காதிலே இவை எப்படி விழும்? தன் மடியிலிருந்து குழந்தையைப் பறித்த கை இறைவனுடைய கை என்றால், அந்த இறைவனிடம் அவள் நாளை எவ்வாறு செபிப்பாள்? லாசரின் கல்லறையருகே நம் ஆண்டவரே அழுதார். நயீன் ஊர் விதவையின் ஒரே மகனின் பாடையைக் கண்டபோது அவர் மனமிரங்கினார். தம் மகளுக்காக ஓடி வந்த யாயீரைக் கடிந்துகொள்ளாமல் அவனோடு கூட நடந்து போனார். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் நாமும் கூட நடந்து போகலாம். அதுவே போதும்.

முற்காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் அடக்கத்திற்குக் கறுப்பு உடையின்றி வெள்ளை உடையே குருவானவர் அணிந்தார். அக்குழந்தை நேரே மோட்சம் சேர்ந்தது என்னும் விசுவாசத்தின் அடையாளம் அது. இன்றும் அந்த விசுவாசத்தில் மாற்றமில்லை. ஆனால் இன்றைய அடக்கச் சடங்கு குழந்தைக்காக இறைவனைப் போற்றுவதோடு நிற்காமல், பெற்றோரின் கண்ணீருக்காகவும் மன்றாடுகிறது. குழந்தைக்கு நம் செபம் தேவையில்லை எனலாம். தாய்க்கும் தகப்பனுக்கும் தேவை. வீட்டிலே மௌனமாய்விட்ட அண்ணன் அக்காமாருக்கும் தேவை.

இன்னொன்று. இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லப் பலர் தயங்குகிறோம். தாய் அழுவாளே என்று அஞ்சுகிறோம். தாய் எப்படியும் அழுவாள். தன் பிள்ளையின் பெயரை உலகம் மறந்துவிட்டதே என்று தனியே அழுவதைவிட, அப்பெயரைச் சொல்லும் ஒருவரின் முன்னே அழுவது அவளுக்கு இலேசு. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் கரம்பொன் போன்ற நம் தீவகக் கிராமங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. அவர்கள் விட்டுச் சென்ற சேமக்காலைகளிலே சிறிய கல்லறைகளும் உண்டு. நவம்பர் மாதத்தில் நம்மவர்களின் கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றும்போது, அருகிலே ஏற்ற ஆளில்லாத சிறு கல்லறைக்கும் ஒன்றை ஏற்றுவோம். பூசைக்குக் கருத்துக் கொடுக்கும்போது, முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த கைக்குழந்தையின் பெயரையும் வெட்கப்படாமல் எழுதிக் கொடுப்போம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. நென்னோலினாவின் காலத்தில் இந்நோய்க்கு மருந்தில்லை. 1970களிலே மருந்துச் சிகிச்சை வந்தபின் நிலைமை பெரிதும் மாறிற்று. நோய் பரவுமுன் கண்டுபிடித்தால், மருந்தும் சத்திர சிகிச்சையும் சேர்ந்து மூவரில் இருவர் அளவிலானோரைக் காப்பாற்ற இன்று முடிகிறது. காலைத் துண்டிக்காமலே நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றுவதும் பலருக்குக் கைகூடுகிறது. எல்லோருக்கும் அல்ல. 1990இல் பதினெட்டு வயதில் இறந்து, 2010இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட இத்தாலிய இளம்பெண் கியாரா பதானோவையும் இதே நோய்தான் கொண்டு சென்றது. உலகிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் பிள்ளைகளும் இளைஞரும் ஏதோவொரு புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. செல்வ நாடுகளில் அவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பது பேரும் பிழைப்பதில்லை. இந்த வித்தியாசத்துக்கு இறைவன் பொறுப்பல்ல. நோயைப் பிந்தி அறிவதும், மருந்து கிடையாமையும், பணமின்மையும், சிகிச்சையை இடைநடுவில் கைவிடுவதுமே காரணங்கள். இவற்றைப் போக்குவது நம் கடமை.

ஆகவே பிள்ளையின் காலிலோ கையிலோ காரணமின்றி வீக்கம் கண்டு, சில வாரங்களாகியும் வற்றாவிட்டால், இரவிலே வலியால் பிள்ளை விழித்து அழுதால், நொண்டத் தொடங்கினால், எண்ணெய் பூசிக் கட்டுப்போட்டுக்கொண்டே காலங்கடத்த வேண்டாம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது சாதாரண வீக்கமாகவே இருக்கும். அல்லாவிடில், போன ஒவ்வொரு வாரமும் விலைமதிப்பற்றது. மடு மாதாவுக்கு நேர்த்தி வையுங்கள், அந்தோனியாரிடம் மன்றாடுங்கள். அதே நாளிலே பண்ணைப் பாலத்தைக் கடந்து வைத்தியரிடமும் போங்கள். நென்னோலினாவின் பெற்றோர் அப்படித்தான் செய்தார்கள். அயலிலே அவ்வாறு சிகிச்சைக்காக அலையும் குடும்பம் இருந்தால், பயணச் செலவுக்குக் கை கொடுப்பதும், வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறு கொடுப்பதும் நம் செபத்தின் மறுபாதி.

வணக்கத்துக்குரிய அந்தோனியெத்தா முத்திப்பேறு பெற்றவளாக உயர்த்தப்படுவதற்கு, அவளுடைய மன்றாட்டினால் நிகழ்ந்த அற்புதம் ஒன்று அங்கீகரிக்கப்பட வேண்டியுள்ளது. அதற்காக நாமும் செபிக்கலாம். நோயுற்ற பிள்ளைகளின் கட்டிலருகே அவளுடைய மன்றாட்டைக் கேட்கலாம். இரவு செபம் முடிந்ததும் பிள்ளைகளை யேசுவுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாதேயுங்கள்.